விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பது அபசகுனமா?

ஆகஸ்ட் 23-ஆம் தேதியைத் தேசிய விண்வெளி தினம் என்று அறிவித்த பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அட்டையில் விக்ரம் லேண்டர் செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தங்க நிற ஜிகினாத் தாள், மூவர்ணக் கொடி எல்லாம் அமர்க்களமாக இருக்கும். கால்கள் மட்டும் நாலு ஐஸ் குச்சி. என் பேரனிடம் கேட்டதற்கு, "கால்தானே தாத்தா, நின்னா போதும்" என்றான்.

நின்றால் போதும் என்பதுதான் விஷயமே. அது நிற்பதற்காக இஸ்ரோவில் நாலு வருஷம் பாடுபட்டிருக்கிறார்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஓவர்சீயராக மதகு, சிறுபாலம், பள்ளிக்கூடக் கட்டடம் என்று வேலை பார்த்தவன். எதைப் பார்த்தாலும் முதலில் அஸ்திவாரத்தைத்தான் கண் தேடும். அந்தக் கண்ணோடு விக்ரமின் கால்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒரு கருத்து அதில் உறுதிப்பட்டது. ஒரு வேலையைத் தொடங்கும்போது "இது விழுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பவரை நாம் அபசகுனம் பிடித்தவர் என்று ஒதுக்கி வைக்கிறோம். அவரைத்தான் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் நடந்த கதை. 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலை நம்மில் பலர் டி.வி. முன்னால் விழித்திருந்தோம். சந்திரயான்-2 லேண்டர் இறங்கிக்கொண்டிருந்தது. நிலவுக்கு இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பிறகு திரையில் கோடு பாதையை விட்டு விலகியது, தொடர்பு அறுந்தது. அன்றைய இஸ்ரோ தலைவர் சிவன் கண் கலங்கியதை நாடே பார்த்தது. சில மாதம் கழித்து, நொறுங்கிய துண்டுகள் கிடந்த இடத்தை நாசா வெளியிட்ட படங்களில் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர்.

ஏன் விழுந்தது என்பதை அடுத்து இஸ்ரோ தலைவரான சோமநாத் பின்னர் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் கணக்கிட்டதைவிடக் கூடுதல் விசையோடு தள்ளின. அதனால் சேர்ந்த பிழையை உடனே திருத்த முடியவில்லை. வண்டி படம் எடுப்பதற்காக ஆடாமல் போக வேண்டிய கட்டம் அது. பிறகு திருத்தப் பார்த்தபோது மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு போட்டிருந்தார்கள். இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். தூரத்தில் இருந்த அந்தச் சின்னக் கட்டத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்து, தரைக்குப் பக்கத்தில் வந்தும் வண்டி வேகத்தைக் கூட்டிக்கொண்டது.

இதில் கால் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? அந்த வேகத்தில் மோதினால் எந்தக் காலும் தாங்காது. குற்றம் எஞ்சினிலும் மென்பொருளிலும் இருந்தது. சாதாரணமாக நாமாக இருந்தால் அந்த இரண்டையும் சரிசெய்துவிட்டு, "இனி ஒன்றும் ஆகாது" என்று தேங்காய் உடைத்திருப்போம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எல்லாம் சரியாக நடக்கும் என்று வைத்து வடிவமைப்பதை விட்டுவிட்டு, எதெல்லாம் தவறக்கூடும் என்று பட்டியல் போட்டு அதிலிருந்து வடிவமைத்தோம் என்று சோமநாத் 2023-இல் சொன்னார். உணரி எல்லாம் செயலிழந்தாலும், இரண்டு எஞ்சின் ஓடாமல் போனாலும் வண்டி இறங்க வேண்டும் என்பதுதான் குறி.

அந்தப் பட்டியலில் கால்களும் வந்தன. செங்குத்தாக இறங்கும் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது திட்டம். கால்களை நொடிக்கு 3 மீட்டர் வரை தாங்கும்படி பலப்படுத்தினார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டின் வர்க்கம் 4, மூன்றின் வர்க்கம் 9. ஆகவே கால்கள் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு.

இதை வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். நொடிக்கு 2 மீட்டர் என்பது பூமியில் 20 செ.மீ. உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடிப்படிக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து குதிக்கும் வேகம். 3 மீட்டர் என்பது 46 செ.மீ., நம் வீட்டுத் திண்ணை உயரம். படியிலிருந்து இறங்குவதும் திண்ணையிலிருந்து குதிப்பதும் ஒன்றல்ல என்பதை நம் வயதுக்காரர்களுக்கு முழங்காலே சொல்லிவிடும்.

நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதானே, மெதுவாக விழாதா என்று கேட்கலாம். எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை குறையாது. ஓடும் மாட்டு வண்டியை நிறுத்தத் தேவையான பலம் அங்கேயும் அதேதான். அதோடு அங்கே காற்று இல்லை, பாராசூட் உதவாது. எஞ்சினை எதிர்ப்பக்கமாக எரித்து எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். மிச்சத்தைக் கால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கால் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் ஸ்பிரிங் வைத்தால் போதாதா? ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் அப்படித் திருப்பிக் கொடுத்தால் வண்டி எகிறிக் குதித்து எங்கேயோ போய்க் கவிழும். 2014 நவம்பரில் ஐரோப்பியர்கள் ஒரு வால்மீனில் இறக்கிய ஃபிலே என்ற கலம், பிடித்துக்கொள்ள வேண்டிய ஈட்டிகள் வேலை செய்யாததால் எகிறி எகிறிக் கடைசியில் ஒரு பாறை நிழலில் போய் முடங்கியது. அதனால் விக்ரமின் கால்களுக்குள் அலுமினியத்தில் தேன்கூடு போன்ற அறைகள் வைத்திருக்கிறார்கள். கால் அழுந்தும்போது அந்தத் தேன்கூடு நசுங்கும். நசுங்கியது நசுங்கியதுதான், திரும்பி நிமிராது. அடியை வாங்கி அங்கேயே அடக்கிக்கொள்ளும். மனிதர்களை ஏற்றிப்போன அப்போலோவின் கால்களிலும் இதே ஏற்பாடுதான். தான் நசுங்கி மேலே உள்ளதைக் காப்பாற்றும் ஒரு பாகத்தை முன்கூட்டியே வைப்பது, விழுவோம் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்களால் மட்டும் முடிகிற காரியம்.

இன்னொரு கேள்வி: ஏன் நாலு கால்? நம் மூன்று கல் அடுப்பு எந்தத் தரையிலும் ஆடாது. நாலு கால் ஸ்டூல்தான் ஆடும், ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைப்போம். 1960-களில் அமெரிக்கா நிலவில் இறக்கிய சர்வேயர் கலங்களுக்கு மூன்று கால்கள்தான். ஆனால் சாய்வது என்று வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. வண்டி கவிழ்வது இரண்டு பாதங்களை இணைக்கும் கோட்டின் மேல்தான். பாதங்கள் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால், நடுவிலிருந்து அந்தக் கோடு வரை மூன்று காலில் அரைப் பங்கு தூரம், நாலு காலில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. அதாவது கவிழ்வது கடினம். விக்ரம் 12 டிகிரி சரிவில் இறங்கினாலும் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

கால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஒடிசியஸ் கலம் ஆறு கால்களோடு இறங்கியது. உயரமான உடம்பு, பக்கவாட்டு வேகம், ஒரு கால் முறிந்து சாய்ந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம் ஜப்பானின் ஸ்லிம், ஒரு எஞ்சினின் வாய்க்குழாய் கழன்று, தலைகுப்புற நின்றது. நம் விக்ரம் இறங்குவதற்கு நாலு நாள் முன்பு ரஷ்யாவின் லூனா-25 மோதியே போய்விட்டது. இவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்ல.

காலைச் செய்தால் போதுமா, எந்த மண்ணில் சோதிப்பது? இந்த இடத்தில் நாம் பெருமைப்படலாம். விக்ரம் இறங்கிய பகுதியில் இருப்பது அனார்த்தோசைட் என்ற பாறையின் தூள். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் பேராசிரியர்கள் துணையோடு, அதை உடைத்து, வேண்டிய பருமனுக்கு அரைத்து, சுமார் 50 டன் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அந்தச் செயற்கை நிலவு மண்ணைச் செய்யும் முறைக்கு இஸ்ரோ காப்புரிமையும் வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட மண் படுகையின் மேல் லேண்டர் காலைப் பலவிதமாக இறக்கிப் பார்த்தார்கள். ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி உணரிகளைச் சோதித்தார்கள். கிரேனில் தொங்கவிட்டு எஞ்சினை எரியவிட்டுப் பார்த்தார்கள். நாம் வீட்டுக்கு வானம் தோண்டும்போது மண் பரிசோதனைக்கு ஆகும் செலவைத் தண்டம் என்கிறோமே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்துக்கு இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன், டிப்ளமாவில் தொடங்கிச் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை போனவர். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு விக்ரம் இறங்கியபோது எங்கள் கரையாம்புத்தூர் டீக்கடையிலும் அவர் பேச்சுதான். நம் ஊர்ப் பிள்ளை ஜெயித்தான் என்ற பெருமை நியாயமானது. ஆனால் அவர் எப்படி ஜெயித்தார் என்பதை யாரும் பேசவில்லை. தோல்விப் பட்டியல் போட்டு ஜெயித்தார்கள் என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் பயந்தால் வேலை நடக்குமா? உண்மைதான். சரக்கு லாரிக்குப் போடுவதுபோல் கனத்த இரும்பில் கால் செய்தால் அது 3 மீட்டர் என்ன, 10 மீட்டர் வேகத்தையும் தாங்கும். ஆனால் ராக்கெட் தூக்காது. ரோவர் சேர்த்து, எரிபொருள் சேர்த்து, லேண்டரின் மொத்த நிறையே சுமார் 1,750 கிலோதான். காலில் ஒரு கிலோ கூட்டினால் கருவியிலோ எரிபொருளிலோ ஒரு கிலோ போகும். ஆகவே பயத்துக்கும் ஒரு அளவு வேண்டும். அவர்கள் ஒரு பக்கம் கூட்டி, இன்னொரு பக்கம் குறைத்தார்கள். நடுவில் இருந்த ஐந்தாவது எஞ்சினை எடுத்துவிட்டார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். இறங்கும் இடத்தைச் சுமார் 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. என்று அகலப்படுத்தினார்கள், பழையதைப்போல் நாற்பது மடங்கு. இடத்தை அகலப்படுத்தியதற்கு ஒரு கிராம்கூட எடை கூடவில்லை என்பதைப் பாருங்கள்.

செவ்வாயில் இந்தக் கணக்கே வேறு. பஞ்சாங்கத்தில் சந்திரனும் செவ்வாயும் இரண்டுமே கிரகம். இறங்குகிறவனுக்கு இரண்டும் வேறு வேறு. செவ்வாயில் காற்று உண்டு, ஆனால் நம் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சுட்டெரிக்கும் அளவுக்கு இருக்கிறது, முழுதாக நிறுத்தும் அளவுக்கு இல்லை. 1976-இல் வைக்கிங் மூன்று காலில் நின்றது. 1997-இல் பாத்ஃபைண்டர் காற்றுப்பைகளைச் சுற்றிக்கொண்டு பந்துபோல் உருண்டது. 2012-இல் கியூரியாசிட்டியை மேலிருந்து கயிற்றில் கட்டி, கிணற்றில் வாளி இறக்குவதுபோல் இறக்கினார்கள். அதற்குச் சக்கரமே கால். இடத்துக்கு இடம் கால் மாறும். மாறாமல் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இன்னொரு மறுப்பும் வரும். விக்ரம் இறங்கியபோது வேகம் திட்டமிட்ட அளவுக்குள்ளேயே இருந்தது. அப்படியானால் கூட்டி வைத்த பலம் வீண்தானே? நம் முன்னோர் ஏரிக்குக் கலங்கல் வைத்தார்கள். பத்து வருஷம் கலங்கலில் தண்ணீர் போகாமல் இருக்கலாம். அதனால் கலங்கல் வீண் என்று யாராவது அடைப்பார்களா? விக்ரம் விஷயத்தில் அந்தப் பலம் வேறொன்றுக்கு வழிவிட்டது என்று நான் நினைக்கிறேன். 2023 செப்டம்பர் 3-ஆம் தேதி எஞ்சினை மறுபடி எரித்து, வண்டியைச் சுமார் 40 செ.மீ. மேலே எழுப்பி, 30-40 செ.மீ. தள்ளி மறுபடி இறக்கினார்கள். முதல் இறக்கத்தில் கால்கள் முடமாகியிருந்தால் இரண்டாவது தடவை குதித்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். சந்திரனை விட்டு இங்கே ஏன் வருகிறான் என்று நினைக்காதீர்கள். நமக்குத் தினமும் காலை வைக்கக் கிடைத்த மண் இதுதான்.

பல வருஷத்துக்கு முன் ஓர் ஊரில் வாய்க்கால் மேல் சிறுபாலம் கட்டும் வேலை. ஊர் பேர் வேண்டாம். பூமி பூஜை நடக்கும்போது, வேலைக்கு வந்திருந்த வயதான மேஸ்திரி ஒருவர் சொன்னார்: "பெருவெள்ளம் வந்து தண்ணி பாலத்துக்கு மேல போச்சுன்னா, இறங்குற பக்கம் மண்ணைத் தோண்டிடும் சார். அந்தப் பக்கம் இன்னும் பத்தடி கருங்கல் பாவணும்." ஒப்பந்தக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மேஸ்திரி அதற்குப் பிறகு அந்த வேலை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதை நான் கணக்குப் போட்டு எழுதி மேலே அனுப்பினேன். மதிப்பீட்டில் இடமில்லை என்று திரும்பி வந்தது.

மூன்றாவது மழைக்காலத்தில் தண்ணீர் மேலே போனது. இறங்கும் பக்கம் மண் அரித்து, தாங்குசுவர் சாய்ந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் பல மாதம் வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். மேஸ்திரி பயந்தாங்கொள்ளி அல்ல. "கட்டாதே" என்று அவர் சொல்லவில்லை. தன் பயத்தை அளந்து, "பத்தடி" என்று எண்ணிலேயே சொன்னார். நொடிக்கு 2 மீட்டரை 3 ஆக்கியவர்கள் செய்ததும் அதே வேலைதான். அங்கே கேட்க ஆள் இருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி வந்ததில், பாகூர் பக்கத்துத் தாழ்வான கிராமங்கள் என்ன பாடுபட்டன என்று இதைப் படிக்கும் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று வந்தது நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் தண்ணீர் இல்லை. இனிமேல் வரப்போவதும் அப்படி இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் மதகும் பாலமும் கரையும் எந்த அளவுக்குக் கணக்கிட்டுக் கட்டியவை? ஊரில் யாருக்காவது தெரியுமா?

அதனால் என் யோசனை ஒன்று. ஒவ்வொரு அரசு வேலைக்கும் பக்கத்தில் பலகை வைக்கிறார்கள். மதிப்பீடு இத்தனை லட்சம், ஒப்பந்தக்காரர் இன்னார், திறந்து வைத்தவர் இன்னார் என்று எழுதியிருக்கும். அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும். இது எவ்வளவு தண்ணீர் வரை, எவ்வளவு பாரம் வரை தாங்கும்? அதற்கு மேல் போனால் எந்தப் பாகம் முதலில் போகும்? இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் அல்ல, அதற்கும் மேலே, மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி இறங்கிய வண்டியின் கால் எவ்வளவு வேகம் வரை தாங்கும், எவ்வளவு சரிவு வரை நிற்கும் என்பதை இந்த நாட்டில் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். வீட்டுக்கு எதிரே இருக்கும் மதகைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள முடியாது என்றால் எப்படி?

வீடு கட்டும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். பூஜை போடுங்கள், நல்ல நேரம் பாருங்கள், நானும் பார்ப்பவன்தான். ஆனால் பூஜை முடிந்து பொங்கல் சாப்பிடும் முன் மேஸ்திரியை உட்கார வைத்து, "எங்கே முதலில் விரிசல் விடும்?" என்று கேளுங்கள். அவர் தயங்குவார், வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று பார்ப்பார். கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் அடுத்த முறை பாலத்துக்கோ மதகுக்கோ அடிக்கல் நாட்டினால், நம் போன்ற வேலையில்லாக் கிழவர்கள் நாலு பேர் போய் முன்வரிசையில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்கலாம். நம்மை அபசகுனம் என்று திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.